ஒரு கோர் மட்டும் திணறுகிறதா? லினக்ஸ் இன்டரப்ட் கேள்வி-பதில்

குடியாத்தத்திலிருந்து ஒருவர்: கேபிள் இன்டர்நெட் நடத்துகிறோம். எங்கள் பிபிபிஓஇ (PPPoE, சந்தாதாரர்கள் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையும் முறை) சர்வரில் 8 கோர். சாயங்காலம் ஆனால் முதல் கோர் மட்டும் 100 சதவீதம், மற்றவை சும்மா கிடக்கின்றன. நெட்வொர்க் கார்டை மாற்றணுமா சார்?

அவசரப்பட்டு காசு போடாதீர்கள். இன்டரப்ட் என்பது 'வேலை வந்திருக்கிறது' என்று கார்டு கோருக்கு அனுப்பும் அழைப்பு. முதலில் ப்ராக் அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைத் (/proc/interrupts) திறந்து கார்டின் வரிகளைப் பாருங்கள். க்யூவுக்கு (கார்டில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை) ஒரு வரி, கோருக்கு ஒரு நெடுவரிசை. ஒரே வரியில் மட்டும் எண் ஏறிக்கொண்டே போனால் காரணம் பெரும்பாலும் பிபிபிஓஇதான். கார்டு ஐபி முகவரியையும் போர்ட்டையும் வைத்து ஹாஷ் (அவற்றிலிருந்து கணக்கிடும் ஓர் எண்) போட்டுத்தான் பாக்கெட்டுகளை க்யூக்களுக்குப் பிரிக்கிறது. பல கார்டுகளுக்கு பிபிபிஓஇ ஹெடரைத் தாண்டி உள்ளே பார்க்கத் தெரியாது, அதனால் எல்லா சந்தாதாரர்களின் டிராஃபிக்கும் ஒரே க்யூவில் வந்து விழுகிறது, அந்த க்யூ எந்த கோருக்கு இன்டரப்ட் அனுப்புகிறதோ அது மாட்டிக்கொள்கிறது. ஐஆர்க்யூபேலன்ஸ் (irqbalance) என்ற பின்னணி நிரல் இங்கே உதவாது. அது இன்டரப்டை வேறு கோருக்கு நகர்த்தும், அவ்வளவுதான், ஒரே க்யூவின் வேலையைப் பிரித்துக் கொடுக்காது.

ஆர்பிஎஸ் (RPS) என்ற கெர்னல் வசதியைப் போடுங்கள், 2010-இல் வந்த 2.6.35 கெர்னலிலிருந்தே இருக்கிறது. கெர்னலே ஹாஷ் போட்டு வேலையைப் பங்கிடும், பிபிபிஓஇக்கு உள்ளே இருக்கும் ஐபியும் அதற்குத் தெரியும். அந்த க்யூவின் ஆர்பிஎஸ் சிபியூஸ் (rps_cpus) கோப்பில் எஃப்இ (fe, கோருக்கு ஒரு பிட் வீதம் ஹெக்ஸில் எழுதிய எண்) என்று எழுதினால் முதல் கோரைத் தவிர மற்ற ஏழும் வேலைக்கு வரும். முதல் கோருக்கு இன்டரப்டை வாங்குவதே போதுமான வேலை. ரீபூட் ஆனால் இது போய்விடும், பூட் ஆகும்போது தானே ஓடும்படி சிஸ்டம்டி சர்வீஸாக எழுதி வையுங்கள்.

காட்பாடி கல்லூரி மாணவர்: இன்டரப்ட் எந்த கோருக்குப் போகணும் என்று சொல்லும் அஃபினிட்டி கோப்பில் (smp_affinity) 3 என்று எழுதினேன் அண்ணா, கோர் 3-க்குப் போகவில்லை.

தம்பி, அது ஹெக்ஸ் மாஸ்க், அதாவது ஒவ்வொரு பிட்டும் ஒரு கோர், எண்ணுவது 0-விலிருந்து. 3 என்றால் கோர் 0, கோர் 1 இரண்டும். கோர் 3 வேண்டுமானால் 8 எழுதணும், இல்லையென்றால் பக்கத்திலேயே இருக்கும் லிஸ்ட் கோப்பில் நேராக 3 என்றே எழுதலாம். அப்புறம் எஃபெக்டிவ் அஃபினிட்டி கோப்பையும் பார், நிஜமாக எந்த கோருக்குப் போகிறது என்று அதுதான் சொல்லும். ஐஆர்க்யூபேலன்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நீ எழுதியதை அது மாற்றிவிடக்கூடும், நிறுத்திவிட்டுச் சோதித்துப் பார்.

ராணிப்பேட்டை வாசகர்: என்விஎம்இ (NVMe, வேகமான எஸ்எஸ்டி) டிஸ்க்கின் இன்டரப்டை மாற்றப் போனால் இன்புட் அவுட்புட் எரர் வருகிறது.

டிஸ்க்கில் கோளாறு இல்லை. அந்த க்யூக்களைக் கெர்னலே கோர்களுக்குப் பங்கிட்டு வைத்திருக்கிறது, வெளியிலிருந்து மாற்ற விடாது. அப்படியே விட்டுவிடுங்கள்.