எம்ஆர்என்ஏ தடுப்பூசி: அப்பாவுக்கு ஒரு பதில், தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய் உண்டு. கொரோனா பூஸ்டர் போட்டுக்கொள்ளச் சொல்கிறார் டாக்டர். அது எம்ஆர்என்ஏ தடுப்பூசி. 20 வயது தம்பியோ, “மரபணுவையே மாற்றிவிடும், ஒரே வருடத்தில் அவசரமாகச் செய்தது, ஊசி போட்டவர்கள்தான் ஆஸ்பத்திரியில் அதிகம் கிடந்தார்கள்” என்று வீடியோக்களைக் காட்டித் தடுக்கிறான். யாரை நம்புவது?

பதில்: அப்பா போட்டுக்கொள்ளட்டும். அந்த வயதும் சர்க்கரையும் சேர்ந்தால் கொரோனா நுரையீரலில் இறங்கும் வாய்ப்பு கூடுகிறது. தம்பி ஏற்கெனவே தடுப்பூசி போட்டவர், வேறு நோய் எதுவும் இல்லாதவர் என்றால் பூஸ்டருக்கு அவசரமில்லை. ஆரோக்கியமான இளைஞர்களைப் பல நாடுகள் இப்போது வற்புறுத்துவதில்லை. ஊசி ஒன்றுதான் என்றாலும் லாப நஷ்டக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். தடுப்பூசி விவாதங்களில் இருதரப்பும் பெரும்பாலும் மறந்துபோவது இதைத்தான்.

தம்பி சொல்வதில் மரபணு விஷயம் தவறு. நம் டிஎன்ஏ செல்லின் உட்கருவுக்குள் இருக்கிறது. ஊசியில் போகும் எம்ஆர்என்ஏ என்பது ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு, அவ்வளவுதான். அது அங்கே நுழைவதில்லை. உட்கருவுக்கு வெளியில் இருக்கும், புரதம் செய்யும் ரைபோசோம்கள் அதைப் படித்து வைரஸின் முள் புரதத்தை மட்டும் செய்கின்றன. அந்தப் புரதத்தைப் பார்த்து எதிர்ப்பு சக்தி பழகிக்கொள்கிறது. எம்ஆர்என்ஏவின் பெரும்பகுதி சில நாட்களில் சிதைந்துவிடும். சிலருடைய நிணநீர்க் கணுக்களில் சில வாரங்கள் வரை தடயம் தென்பட்டது உண்மைதான். ஆனால் கொஞ்ச நாள் தங்குவது வேறு, டிஎன்ஏவில் கலப்பது வேறு. சொல்லப்போனால், கொரோனா வந்தால் வைரஸும் தன் முழு ஆர்என்ஏவையும் நம் செல்லுக்குள்தான் இறக்குகிறது. அதற்கு யாரும் வீடியோ போடுவதில்லை!

ஒரே வருடம் என்பது பாதி உண்மை. சும்மா செலுத்தினால் எம்ஆர்என்ஏவை உடல் எதிரியாக நினைத்துக் கொதித்தெழும். அதன் வேதியியல் எழுத்துகளில் ஒன்றைச் சற்றே மாற்றி அந்தக் கொதிப்பை அடக்கலாம் என்று விஞ்ஞானிகள் காத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் காட்டியது 2005-இல். 2023-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 2013-லேயே ரேபிஸுக்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசி மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. 2020 ஜனவரியில் புதிய வைரஸின் மரபணு வரிசை வெளியானபோது, அதை ஏற்கெனவே தயாராக இருந்த முறையில் பொருத்த வேண்டியிருந்தது, அவ்வளவே. சோதனைக் கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நடத்தியதால் மீதி நேரமும் மிச்சமானது.

மூன்றாவது வாதம்தான் சுவாரசியமானது, ஏனென்றால் அதில் சொல்லும் எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். 1,000 முதியவர்கள் இருக்கிறார்கள், 900 பேர் ஊசி போட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். போடாத 100 பேரில் 10 பேரும், போட்ட 900 பேரில் 18 பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். படுக்கையில் இருக்கும் 28 பேரில் 18 பேர் ஊசி போட்டவர்கள்! வீடியோவுக்கு அது போதும். ஆனால் போடாதவர்களில் 100-க்கு 10, போட்டவர்களில் 100-க்கு 2. ஆபத்து ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. ஆகவே யார் எந்த எண்ணைக் காட்டினாலும் “எத்தனை பேரில்?” என்று கேளுங்கள்.

தடுப்பூசி “95 சதவீதம்” பாதுகாக்கும் என்று அரசுகள் சொன்ன எண்ணையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஃபைசர் நிறுவனத்தின் எம்ஆர்என்ஏ தடுப்பூசிச் சோதனையில் சுமார் 43,000 பேர் பங்கேற்றார்கள். ஏறக்குறைய சமமான இரு குழுக்கள். நோய் வந்த 170 பேரில் வெற்று ஊசி போட்டவர்கள் 162, தடுப்பூசி போட்டவர்கள் 8. அந்த 95 இங்கிருந்து வந்தது. அது அறிகுறியோடு வரும் நோயைப் பற்றிய, முதல் சில மாதங்களின் கணக்கு. தொற்றே வராது, பிறருக்குப் பரவாது என்று சில தலைவர்கள் அதை ஊதிப் பெருக்கினார்கள். சில மாதங்களில் தொற்றுத் தடுப்பு தேய்ந்தது, ஒமைக்ரான் வந்ததும் அந்தப் பேச்சு உடைந்தது. தம்பியைப் போன்றவர்களின் அவநம்பிக்கைக்கு அந்த வாக்குறுதிகளும் ஒரு காரணம் என்பேன். கடும் நோயிலிருந்து கிடைக்கும் பாதுகாப்போ இன்னும் நீண்ட காலம் நின்றது. அப்பாவுக்கு வேண்டியது அதுதான்.

தம்பி கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அது இதயத்தசை அழற்சி. அரிதுதான், ஆனால் இளைஞர்களிடம், குறிப்பாக ஆண்களிடம், இரண்டாவது டோஸ் போட்ட சில நாட்களில் கூடுதலாகக் காணப்பட்டது. பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். இதை யாரும் மறைக்கவில்லை. 2021 அக்டோபரில் ஸ்வீடன் இளைஞர்களுக்கு இன்னொரு எம்ஆர்என்ஏ ஊசியான மாடர்னாவைப் போடுவதையே நிறுத்திவைத்தது. கண்காணிப்பு வேலை செய்கிறது என்பதற்கு இதுவே அடையாளம் என்று நினைக்கிறேன்.

சரி, அப்பாவை அழைத்துப் போகும்போது முந்தைய ஊசிகளில் கடுமையான ஒவ்வாமையோ, இதயத்தசை அழற்சியோ வந்திருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அன்று நல்ல காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடலாம். போட்டதும் 15 நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும். ஓரிரு நாள் கை வலியும் உடல் சோர்வும் சாதாரணம். அப்புறம், ஒரு வாரத்துக்குள் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், படபடப்பு வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி போட்ட தேதியைச் சொல்லி ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.