படகு ஓங்கில் போலத் துள்ளுகிறது, என்ன செய்ய?

கேள்வி: பல வருடம் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டில் (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்) கடலுக்குப் போனவன் நான். இப்போது 19 அடி ஃபைபர் படகு, 60 குதிரைத்திறன் எஞ்சின், பவர் டிரிம் (பட்டனை அழுத்தி எஞ்சினின் கோணத்தை மாற்றும் வசதி) உள்ளது. கிளம்பும்போது அணியம் (படகின் முன்பகுதி) வானத்தைப் பார்க்கிறது. வேகம் பிடித்தபின் படகு மேலும் கீழுமாகத் துள்ளுகிறது. வளைத்தால் எஞ்சின் திடீரென அலறுகிறது, படகு நகர மறுக்கிறது. எஞ்சினில் கோளாறா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் மூன்றும் ஒரே இடத்தில் இருந்து வரக்கூடியவை: எஞ்சின் அளவுக்கு மேல் வெளியே தள்ளி நிற்கிறது. பழைய எஞ்சினில் பின்னை ஒரு துளையில் சொருகிவிட்டால் நாள் முழுக்க அதே கோணம்தான். அந்தப் பழக்கத்தில் இதையும் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுகிறீர்கள். பவர் டிரிம் பட்டன் ஓட்டத்திலேயே அடிக்கடி தட்டுவதற்காக உள்ளது.

எஞ்சினின் கால் அமரத்தை (படகின் பின்பகுதியை) ஒட்டி உள்ளே வந்தால், புரொப்பல்லர் தண்ணீரைச் சற்றுக் கீழ்நோக்கித் தள்ளும். அமரம் தூக்கும், அணியம் இறங்கும். வெளியே போனால் நேர்மாறு. மற்றதெல்லாம் இதில் இருந்து வருவதுதான்.

கிளம்புமுன் பட்டனை முழுக்க 'உள்ளே' அழுத்திவிடுங்கள். ஆக்சிலேட்டரைத் தயங்காமல், சீராகக் கொடுங்கள். படகு சட்டெனத் தண்ணீர் மேல் ஏறிப் படியும். அப்புறம் வெளியே ஒரு தட்டு, இரண்டு மூன்று விநாடி பொறுங்கள், இன்னொரு தட்டு. ஸ்டீயரிங் இலகுவாகும், பக்கத்தில் தெறிக்கும் நீர் அமரத்தை நோக்கி நகரும், ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும். கண் மட்டும் ஜிபிஎஸ் வேகத்தில் இருக்கட்டும். சத்தம் ஏமாற்றும். ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறவில்லை, அல்லது அணியம் ஆடத் தொடங்கியது என்றால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ஒன்றிரண்டு தட்டு உள்ளே வாருங்கள். அந்த வேகத்துக்கு, அன்றைய பாரத்துக்கு, அதுதான் சரியான இடம். மீன் ஏற்றித் திரும்பும்போது அது மாறிவிடும்.

வளைவில் அலறுவது, புரொப்பல்லர் மேலிருந்து காற்றை உறிஞ்சுவதால். பல மெக்கானிக்குகள் இதையும் 'கேவிடேஷன்' என்பார்கள், ஆனால் அது, புரொப்பல்லரில் அழுத்தம் குறைந்து தண்ணீரே ஆவிக் குமிழாவது, வேறு சங்கதி. திருப்புமுன் வேகத்தைக் குறைத்து, உள்ளே கொண்டுவாருங்கள். அலறிவிட்டால் ஆக்சிலேட்டரை இறக்கினால் போதும், புரொப்பல்லர் மீண்டும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் எப்போதும் உள்ளேயே வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். எதிர் அலைக்கு அது நல்லதுதான். பாக் நீரிணைப் பக்கம் போனால் ஆழம் குறைந்த அந்தக் கடலில் அலை குட்டையாக, நெருக்கமாக வரும். அணியம் கொஞ்சம் இறங்கி அலையை வெட்டினால்தான் முதுகெலும்பு தப்பும். ஆனால் பின்னால் இருந்து அலை தள்ளும்போது அப்படி ஓட்டாதீர்கள். அணியம் முன்னலையில் குத்தி, அமரம் பக்கவாட்டில் சுழன்று, படகு கவிழவும் கூடும். அப்போது கொஞ்சம் வெளியே, அணியம் தூக்கலாக. அமைதியான கடலிலும் வேகமாகப் போகையில் முழுக்க உள்ளே இருந்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், எண்ணெயும் கூடுதலாகக் குடிக்கும்.

முழுக்க உள்ளே கொண்டுவந்தும் துள்ளல் நிற்கவில்லையா? பாரத்தைப் பாருங்கள். ஐஸ் பெட்டி, எண்ணெய் கேன், ஆட்கள் எல்லாம் அமரத்தில் குவிந்திருந்தால் எந்தப் பட்டனும் உதவாது. ஐஸ் பெட்டியை நடுவுக்கு நகர்த்திப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால்தான் எஞ்சின் மாட்டிய உயரம், புரொப்பல்லர், படகின் அடிப்பகுதி என்று மெக்கானிக்கிடம் பேச வேண்டும்.

கரையோர ஆழமற்ற இடத்தில் பட்டனைத் தொடர்ந்து அழுத்தி எஞ்சினை இன்னும் தூக்கலாம். மிக மெதுவாகப் போகும்போது மட்டும். பின்பக்கம் பீய்ச்சும் குளிர்ச்சித் தண்ணீர் நிற்காமல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நின்றால் எஞ்சின் சூடாகிவிடும்.

பேட்டரி இறந்துவிட்டால் எஞ்சினைக் கையால் ஏற்றி இறக்க, மாட்டும் பிராக்கெட்டின் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் எஞ்சின் சட்டென்று இறங்கும். அடியில் கை வைக்காதீர்கள். அந்தத் திருகு எங்கே என்று கரையில் இருக்கும்போதே பார்த்துவையுங்கள்.