சிகாகோ ஏற்றது, நியூயார்க் அகற்றியது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூயார்க்கில் ரிச்சர்ட் செராவின் ‘டில்டட் ஆர்க்’ சிற்பம் எதிர்ப்பால் அகற்றப்பட்டது பற்றி எழுதியிருந்தீர்கள். நவீன சிற்பம் பொதுமக்களுக்குப் புரியாது, அவர்களிடம் கருத்துக் கேட்டதே தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., கோவை

அன்புள்ள க.,

புரியாமைதான் காரணம் என்றால் சிகாகோவின் பிக்காசோ சிற்பமும் இந்நேரம் பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டும். 1967 ஆகஸ்ட் 15 அன்று அதைத் திறந்தபோது பெண்ணா, பறவையா, நாயா என்று ஊரே கேட்டது. பிக்காசோ கடைசிவரை விளக்கவில்லை. அதை எடுத்துவிட்டு பேஸ்பால் வீரர் எர்னி பேங்க்ஸுக்குச் சிலை வைக்கலாம் என்றார் நகர்மன்ற உறுப்பினர் ஜான் ஹோலன். 50 அடி உயரமும் 162 டன் எடையும் கொண்ட அது இன்றும் அங்கேயே நிற்கிறது. அதன் சரிவில் குழந்தைகள் சறுக்கி விளையாடுகிறார்கள்.

பிக்காசோவினுடையதைப் போலவே செராவுடையதும் கார்டென் எஃகுதான், அதாவது மேலே படியும் துருவே காப்பாக இறுகிவிடும் எஃகு. ஆனால் 1981இல் அரசு அலுவலகத் திடலின் குறுக்கே 120 அடி நீளம், 12 அடி உயரத்தில் சற்றே சாய்ந்த சுவராக அது நின்றது. நடப்பவருக்கு அந்த இடமே வேறாகத் தெரிய வேண்டும் என்பது செராவின் நோக்கம். அதை அவர் சாதித்தார். எனக்கு அது பெரும் படைப்பு. ஆனால் தினமும் வேலைக்குப் போகிறவர் அதைச் சுற்றித்தான் போக வேண்டும், எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. பிக்காசோவினுடையதைச் சுற்றி வரலாம், கம்பிகளுக்கு ஊடே வானத்தையும் பார்க்கலாம். வழியை அது மறிக்கவில்லை.

ஆகவே, கேட்டது தவறில்லை. காலம் கடந்து கேட்டதுதான் தவறு. சிற்பத்தை அகற்றலாமா என்று 1985இல் நடந்த விசாரணையில் 122 பேர் அது அங்கேயே இருக்கட்டும் என்று ஆதரித்தார்கள், 58 பேர் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்களில் கலைத்துறையினர் மிகுதி. அங்கே தினமும் நடப்பவர்களின் மனநிலையை இந்தக் கணக்கு காட்டாது. ஆனாலும் விசாரித்த குழு 4க்கு 1 என்ற வாக்கில் அகற்றச் சொன்னது. அந்த இடத்துக்கென்றே செய்ததை வேறிடத்தில் வைப்பது அழிப்பதற்குச் சமம் என்று செரா வாதாடியும், 1989 மார்ச் 15 இரவு அறுத்து எடுத்துப் போனார்கள்.

வைப்பதற்கு முன்பே ‘பிடிக்கிறதா?’ என்று கேட்பதிலும் பயன் குறைவு. காலை, மதியம், மாலை மக்கள் எந்தத் தடத்தில் நடக்கிறார்கள், எங்கே நிழலுக்கு ஒதுங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். தரையில் கயிறு கட்டிப் பார்த்தால் நீளம்தான் தெரியும், மறைப்பு தெரியாது. சிற்பத்தின் முழு உயரத்துக்குச் சாரம் கட்டித் துணி போர்த்தி ஒரு வாரமாவது விட வேண்டும். புகார் வருமானால் அப்போதே வந்துவிடும், துணியை நகர்த்துவது எளிது.

பொருளைப் பற்றியும் முன்பே சொல்லிவிட வேண்டும். கார்டென் எஃகின் மேல்துரு நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்துதான் இறுகும். அதுவரை மழைநீரோடு பழுப்புக் கறை இறங்கித் தரைக்கல்லில் படியும். இதைச் சொல்லாமல் விட்டால் ‘துருப்பிடித்த குப்பை’ என்ற பேச்சு கிளம்பும். அடியைச் சுற்றிச் சரளைக்கல் பட்டையும், நீர் தேங்காதபடி வடிகாலும் வேண்டும். சென்னைக் கடற்கரை போன்ற இடங்களில் இந்த எஃகையே தவிர்க்கலாம்; உப்புக்காற்றில் துரு இறுகாமல் உள்ளே அரித்துக்கொண்டே போகும்.