வாசகர் கேள்வி – பதில்: மல்யுத்த அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்த பிறகு

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் மல்யுத்த அணியில் இருக்கிறான். சென்ற ஆண்டு 65 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினான். இந்த ஆண்டு வந்த புதிய தலைமைப் பயிற்சியாளர், எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவனை 70 கிலோ பிரிவுக்கு மாற்றிவிட்டார். மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றான். முதல் இரண்டில் 10–0, மூன்றாவதில் 6–4. அவனுடைய இயல்பான எடை 71 கிலோ. பழைய பயிற்சியாளர் போட்டிக்கு நான்கு நாள் முன்னதாக எடையை இறக்கிவிடுவார். இரண்டாம் பாதியில் பையன் கொஞ்சம் தளர்ந்தாலும் பதக்கம் வந்தது. நான் தறி ஓட்டிப் படிக்க வைக்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு வேலை கிடைக்கும் என்று நம்பியிருக்கிறேன். கல்லூரிக்குப் போய்ப் பேசலாமா?
– ஒரு தந்தை, பள்ளிபாளையம்

பதில்: போய்ப் பேசுங்கள், ஆனால் மகனை மீண்டும் 65 கிலோவுக்கு இறக்குங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். 71 கிலோ உள்ள பையன் நான்கு நாளில் 6 கிலோ இறக்கினால், உடல் எடையில் எட்டு விழுக்காட்டுக்கும் மேல் போகிறது. அந்த நான்கு நாளில் அவ்வளவு கொழுப்பு கரைவதில்லை; சோற்றை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து, பிளாஸ்டிக் உடையை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடி அவன் இழப்பதில் பெரும்பகுதி உடம்பின் நீர்தான். எடையில் 2 விழுக்காடு அளவுக்கு நீர் குறைந்தாலே தெம்பு குறையத் தொடங்கும் என்கிறது விளையாட்டு மருத்துவம். மூன்று நிமிடம் வீதம் இரண்டு பாதியும் நடுவே 30 விநாடி ஓய்வும் கொண்ட ஆட்டத்தில், நீங்கள் ‘கொஞ்சம்’ என்று எழுதியிருக்கும் அந்தத் தளர்ச்சியை நான் சிறியதாக எண்ணவில்லை. இதயமும் சிறுநீரகமும் தாங்க முடியாமல் தவிப்பதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

1997ஆம் ஆண்டின் இறுதியில், ஏறக்குறைய ஒரு மாத இடைவெளிக்குள், அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போதே இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ ரப்பர் உடையையும் நீராவி அறையையும் தடை செய்தது. பருவத் தொடக்கத்திலேயே உடலின் நீர் அளவையும் கொழுப்பையும் சோதித்து, ஒவ்வொருவரும் இறங்கக்கூடிய குறைந்தபட்ச எடையை முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. வாரத்துக்கு 1.5 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக் கூடாது என்பதும் அந்த விதிகளில் உண்டு. உங்கள் மகனுக்கு அது ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். ஆகவே 71இலிருந்து 70க்கு வருவது அவனுக்கு ஒரு வார உணவுக் கட்டுப்பாடுதான். புதிய பயிற்சியாளரின் கணக்கு சரியானது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 50 கிலோ பிரிவில், அதுவரை பன்னாட்டு ஆட்டங்களில் தோல்வியே காணாத ஜப்பானின் யுய் சுசாகியை வென்று இறுதிப் போட்டி வரை போனவர். மறுநாள் காலை எடை பார்த்தபோது 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்தார். இரவு முழுவதும் அவர் உறங்காமல் உடம்பை வருத்திய செய்தியைப் படித்தபோது எனக்கு ஆறவே இல்லை. அத்தனை உதவியாளர்கள் உடனிருந்த வீராங்கனைக்கே அந்த நிலை என்றால், விடுதிச் சாப்பாட்டை நம்பியிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இயல்பான எடைக்கு வெகு கீழே போய் ஆடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தோல்விகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீஸ்டைல் வகை மல்யுத்தத்தில் 10 புள்ளி முன்னிலை வந்ததும் ஆட்டம் நிறுத்தப்படும் என்பதால், முதல் இரண்டு ஆட்டங்களில் உங்கள் மகன் முழு நேரம் நிற்கவில்லை. மூன்றாவதில் ஆறு நிமிடமும் நின்று, தன்னைவிடப் பழகிய எடைக்காரனிடம் நான்கு புள்ளி எடுத்திருக்கிறான். ஒரே பருவத்தில் இது பெரிய முன்னேற்றம்.

பயிற்சியாளர் மீதும் ஒரு குறை உண்டு. இப்படி ஒரு மாற்றத்தைச் செய்கிறவர் வீட்டாரை அழைத்துக் காரணம் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளையின் பதக்கத்தை நம்பி ஒரு குடும்பம் காத்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேரில் போகும்போது, அடுத்த ஆண்டுக்கான திட்டம் என்ன, வாராவாரம் எடை குறித்து வைக்கப்படுகிறதா என்று கேளுங்கள். வீட்டுக்கு வரும்போது பையனைப் பட்டினி போடாமல், அரிசியும் பருப்புஞ்சாதமும் முட்டையும் நிலக்கடலையும் கொடுங்கள்.

கேள்வி: எங்களுக்கு வந்திருக்கும் புதிய பயிற்சியாளர் வட இந்தியர். முதல் ஒரு மாதம் நிற்கும் நிலை, விழும் முறை, காலைப் பிடிக்க வருபவனைத் தடுப்பது ஆகியவற்றையே செய்ய வைத்தார். தோபி பாட் போன்ற வீச்சுகளைத் தொடவே விடவில்லை. சீனியர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், சத்தியமங்கலம்

பதில்: தம்பி, துணியைத் தோளுக்கு மேல் சுழற்றிக் கல்லில் அடிப்பதுபோல எதிராளியைத் தூக்கிப் போடும் அந்தப் பிடி பார்க்க அழகானதுதான், சரியாக விழுந்தால் நான்கு புள்ளியும் தரும். தவறினால் உன் முதுகே மெத்தை விரிப்பைப் பார்க்கும். புள்ளி அவனுக்குப் போகும், தோள்கள் இரண்டும் பதிந்துவிட்டால் ஆட்டமே முடிந்துவிடும். மண் கோதாவில் காலடி புதைவதால் நிதானமாகக் கட்டிப்பிடித்து ஆட இடம் உண்டு. மெத்தை விரிப்பில் வேகம் அதிகம், கண்ணிமைக்கும் நேரத்தில் காலுக்கு வந்துவிடுவார்கள். தாழ்ந்து நிற்கத் தெரியாதவன் அங்கே வீச்சுக்கான பிடியையே வாங்க முடியாது. ஒரு மாதம் போதாது என்றுகூடச் சொல்வேன்.

கேள்வி: என் மகளுக்குக் கழுத்தில் படர்தாமரை வந்ததும் புதிய பயிற்சியாளர் அவளைப் பயிற்சியிலிருந்து நிறுத்திவிட்டார். போட்டி நெருங்கும்போது இப்படித் தண்டிக்கலாமா? இடது காதும் வீங்கியிருக்கிறது.
– ஒரு தாய், தாராபுரம்

பதில்: தண்டனை இல்லை அம்மா, தோலோடு தோல் உரசும் விளையாட்டில் ஒருத்திக்கு வந்தது விரைவிலேயே அணி முழுவதற்கும் பரவலாம். கடையில் தாமாகவே வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது அரிப்பை அடக்கி நோயை வளர்க்கும் என்பதால் தோல் மருத்துவரிடமே காட்டுங்கள். துண்டைப் பிறரோடு பகிராமல், பயிற்சி முடிந்த உடனே குளிக்கச் சொல்லுங்கள். மெத்தை விரிப்பை நாள்தோறும் கிருமிநாசினி கொண்டு துடைக்கிறார்களா என்று நீங்கள் பயிற்சியாளரிடம் கேட்கலாம்.

காதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். அடிபட்ட காதில் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே தேங்கும் இரத்தத்தைச் சில நாட்களுக்குள் எடுக்காவிட்டால், காது நிரந்தரமாகத் தடித்துச் சுருங்கிவிடும். நாளைக் காலையே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மறுபடி பயிற்சிக்குப் போகும்போது காதுக்கவசம் அணியட்டும்.