தொட்டிலைக் கட்டிலாக்கும்போது எந்தத் தடுப்பு?

மரவேலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்கள் மகளுக்கு ஒரு வயது பத்து மாதம். அவள் பிறந்தபோது ஆன்லைனில் வாங்கிய மரத்தொட்டிலில்தான் இன்னும் தூங்குகிறாள். இப்போது கிராதி மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏற ஆரம்பித்துவிட்டாள். ஒரு பக்கக் கிராதியைக் கழற்றினால் சின்னக் கட்டிலாகிவிடும் என்று தொட்டிலோடு வந்த தாளில் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்துக்கான தடுப்பைத் தனியாக வாங்க வேண்டுமாம். கேட்டால், அந்த மாடலே இப்போது வருவதில்லை என்கிறார்கள். பெரிய கட்டிலுக்குப் போடும் வலைத் தடுப்பை வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். ஆசாரியிடம் சொல்லிச் செய்யலாம் என்கிறார் மாமனார். எது சரி?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மாமனார் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. ஆனால் அளவுகளை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அளவு சொல்லாமல் விட்டால் ஆசாரி அழகைப் பார்த்துத்தான் செய்வார்.

வலைத் தடுப்பு ஏன் வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் கால்கள் மெத்தைக்கு அடியில் போகும். பெரிய கட்டிலின் கனமான மெத்தை அந்தக் கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உங்கள் தொட்டில் மெத்தை நான்கு இஞ்ச் கனம்தான் இருக்கும், ஒரு கையால் தூக்கிவிடலாம். குழந்தை சாய்ந்தால் தடுப்பு மெல்ல வெளியே நகரும், மெத்தைக்கும் அதற்கும் நடுவே இடுக்கு விழும். உடம்பு அதில் இறங்கிவிடும், தலை இறங்காது. அமெரிக்காவில் இந்த வகைத் தடுப்பை, பெரியவர்கள் கட்டிலில் தானாக ஏறி இறங்கத் தெரிந்த 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு என்றுதான் வகுத்திருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு இன்னும் 2 முடியவில்லை, கட்டிலும் அந்த வகை இல்லை.

ஒரு அடி உயரத்திலிருந்து விழுந்தால் குழந்தை அழும், ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம். இடுக்கில் சிக்கிய குழந்தையால் அழ முடியாது. தடுப்பு வாங்கும் எல்லோரும் விழுவதை மட்டுமே நினைக்கிறார்கள். நான் இடுக்கைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

இனி ஆசாரிக்கான அளவுகள். மெத்தையைப் போட்டுவிட்டுத்தான் அளக்க வேண்டும், வெறும் பலகையில் அளக்கக் கூடாது. மெத்தையின் மேல்பரப்பிலிருந்து தடுப்பின் உச்சி குறைந்தது 5 இஞ்ச் உயரத்தில் நிற்க வேண்டும். பின்னால் தடிமனான மெத்தை மாற்றினால் இந்த 5 இஞ்ச் குறைந்துவிடும், ஞாபகம் இருக்கட்டும். இலவம் பஞ்சு மெத்தை இந்தக் கட்டிலுக்கு வேண்டாம். வெயிலில் காய வைத்தால் உப்பும், பத்து நாளில் அமுங்கும், ஓரம் எப்போதும் வட்டமாகவே இருக்கும். ஓரம் நேராக நிற்கிற கெட்டியான மெத்தை போடுங்கள். தடுப்பின் கீழ்ச்சட்டம் மெத்தையின் மேல்மட்டத்துக்குக் கீழே வரை இறங்கி, மெத்தை அதன் மேல் முட்டி நிற்க வேண்டும். நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் இடைவெளி அதிகம்.

நிற்கும் ரீப்பர்களுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. தொட்டில் கிராதிக்கு அமெரிக்க விதியில் உள்ள அளவு அது. என் பட்டறையில் 6 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தேக்குக் கட்டை ஆணியில் தொங்குகிறது. குழந்தைச் சாமான் எது முடிந்தாலும் அதை ஒவ்வொரு சந்திலும் வைத்துப் பார்ப்போம். ஒரு சந்தில் உள்ளே போனாலும் அந்தத் தடுப்பு வெளியே போகாது. உங்கள் ஆசாரியிடமும் அப்படி ஒரு கட்டை சீவித் தரச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

தடுப்பை முழு நீளத்துக்கும் போடாதீர்கள். முழுசாக அடைத்தால் அவள் அதன் மேலும் ஏறத்தான் பார்ப்பாள், அப்புறம் கிராதியைக் கழற்றியதில் பயனே இல்லை. கட்டில் நான்கேகால், நான்கரை அடி இருக்கும். தலைப்பக்கமிருந்து பாதிக்குக் கொஞ்சம் மேலே வரை தடுப்பு, கால்பக்கம் ஒன்றரை அடிக்குக் குறையாமல் திறப்பு. அவளே இறங்கி உங்களிடம் வரட்டும்.

மரம் தேக்கோ வேம்போ எதுவானாலும் சரி, இழைத்த பிறகு முக்கால் இஞ்ச் நிற்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். ஆணியும் வேண்டாம், மரத்தில் நேராக முறுக்கும் ஸ்க்ரூவும் வேண்டாம். குழந்தை பிடித்து உலுக்க உலுக்க ஸ்க்ரூ ஓட்டை பெருத்துவிடும். மரத்தை ஊடுருவிப் போகிற 6 எம்எம் போல்ட், வாஷர், வெளிப்பக்கம் மூடிய நட். மாதம் ஒருமுறை கையால் ஆட்டிப் பார்த்து முறுக்குங்கள்.

எங்கள் தொழிலில் கால்மேல் ஒரு குமிழ் கடைந்து வைத்தால்தான் வேலை முடிந்த மாதிரி இருக்கும். இந்தத் தடுப்பில் குமிழ் கூடாது. கழுத்துச் சங்கிலியோ சட்டையோ மாட்டி இழுத்துவிடும். முனைகளை மட்டமாக வெட்டி, உப்புத்தாள் போட்டு உருட்டிவிடச் சொல்லுங்கள். பல் முளைக்கிற வயதில் மேல்சட்டத்தை எல்லாக் குழந்தையும் கடிக்கும். அதனால் பட்டறை மூலையில் கிடக்கும் பழைய பெயிண்ட் டின்னை அனுமதிக்காதீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. புது டின் வாங்கி, அதன் லேபிளைப் படித்துவிட்டு அடியுங்கள். வாசனை முழுக்கப் போன பிறகு மாட்டுங்கள்.

ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன், தொட்டிலின் அடிப்பலகைக்குக் கீழே ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைச் சொல்லி விற்றவர்களிடம் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். அதற்கென்றே செய்த தடுப்பு கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. 'எல்லாத் தொட்டிலுக்கும் பொருந்தும்' என்று விற்பதை நம்பி காலில் புது ஓட்டை போட வேண்டாம். அதுவரை அடிப்பலகையைக் கடைசி மட்டத்துக்கு இறக்கி வையுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து அண்ணி ஒரு பழைய தொட்டில் கொடுத்தார். பக்கக் கிராதி மேலும் கீழும் இறங்கும். அதையே பாதி இறக்கி வைத்துத் தடுப்பாகப் பயன்படுத்தலாமா? பையனுக்கு 14 மாதம்.
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கூடாது தம்பி. இறங்கும் கிராதியின் பிளாஸ்டிக் கொக்கி தேய்ந்தோ உடைந்தோ ஒரு மூலை மட்டும் விலகும், குழந்தை அந்த V வடிவ இடுக்கில் மாட்டிக்கொள்ளும். குழந்தைகள் இறந்த பிறகுதான் அமெரிக்காவில் 2011 ஜூன் 28 முதல் இந்த வகைத் தொட்டிலை விற்கவே தடை போட்டார்கள். பாதி இறக்கிய கிராதி என்றால் கொக்கி இன்னும் பலவீனம். அண்ணி வருத்தப்படுவார் என்று தயங்காதீர்கள். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். வேறு யாருக்கும் கைமாற்றியும் விடாதீர்கள். சின்னக் கட்டில் என்பதே 15 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத்தான், உங்கள் பையனுக்கு அவசரம் இல்லை.

கேள்வி: தடுப்பே இல்லாமல் தரையில் மெத்தை போட்டால் போதாதா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தாராளமாகப் போதும், ஒரு வயது தாண்டிய குழந்தை என்றால். சுவரை ஒட்டிப் போடாதீர்கள், அங்கேயும் இடுக்குதான். ஒன்று சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள், இல்லை அறை நடுவில் போடுங்கள். மழைக்காலத்தில் தினமும் காலையில் மெத்தையைத் தூக்கி நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும்.