புல்மேட்டில் கிராண்டிஸ் யூகலிப்டஸ் மரம் நட்டால் கார்பன் காசு வருமா?

கேள்வி: இடுக்கி மாவட்டம் வட்டவடைக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் புல்மேடு இருக்கிறது. "தை மாத உறைபனியில் கருகிக் கிடக்கும் புல் எந்தக் கார்பனை இழுக்கும்? கிராண்டிஸ் நடுங்கள், கார்பன் கிரெடிட் (காற்றிலிருந்து கார்பனை எடுத்துச் சேமிப்பதற்கு விற்கக் கிடைக்கும் சான்று) வரும்" என்கிறார் ஒரு தரகர். நடலாமா?

பதில்: வேண்டாம். தையில் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் புல்லை எடைபோடுகிறார் அவர்.

உங்கள் மேட்டுப் புற்களில் பல, சோளத்தையும் கரும்பையும் போல 'சி4' என்ற ஒளிச்சேர்க்கை வகை. அவற்றுக்கு ஈரம் மட்டும் போதாது, நல்ல வெயிலும் வேண்டும். ஆனி, ஆடியில் மண் நனைந்தே கிடந்தாலும் மேகம் மூடிவிடுவதால் ஒளிச்சேர்க்கை மந்தமாகிறது; மூணாறு அருகே ராஜமலைப் பக்கம் இது இன்னும் அதிகம். மழை விட்டு வெயில் அடிக்கும் புரட்டாசி, ஐப்பசி இடைவெளிகளில்தான் புல் வேகமாகக் கார்பனை எடுக்கும். மார்கழி, தையில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போனால் இந்த வகை திணறும். உறைபனியில் இலை கருகினாலும் தூரில் மொட்டு உயிரோடிருக்கும். (அதே பனி சோலை எனும் மலைக்காட்டு மரங்களின் கன்றுகளைக் கொன்றுவிடுவதும் புல்மேடு காடாகாமல் நீடிக்க ஒரு காரணம்.) மாசி, பங்குனியில் காற்று உலர்ந்ததும் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், வரவு மீண்டும் குறையும்.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். வேரும் மண் நுண்ணுயிரும் இரவு பகலாகக் கார்பனை வெளியே விடுகின்றன. மண்ணில் 10 டிகிரி சூடு கூடினால் இந்த வெளியேற்றம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். குளிர்ந்த மலை மண்ணில் மட்கு இவ்வளவு சேர்ந்திருப்பது அதனால்தான். இரவுகள் வெதுவெதுப்பாக மாறினால் பகலில் சேர்த்ததில் ஒரு பங்கு இரவிலேயே போய்விடும். எனக்கு உறைபனியைவிட இதுதான் கவலை.

கிராண்டிஸ் தண்டில் கார்பனை வேகமாகச் சேர்க்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் குழி தோண்டும்போது மண் கார்பன் கிளம்பும், வெட்டி விற்றால் தண்டிலிருந்ததும் போகும், பூண்டு வயலுக்கு வரும் ஊற்றும் வற்றும். இயற்கைப் புல்வெளியை அழித்து நடும் தோட்டத்தை கார்பன் கிரெடிட்டுக்குச் சான்று தரும் வெர்ரா போன்ற அமைப்புகளின் தரநிலைகள் ஏற்பதுமில்லை. எந்தத் தரநிலையில் பதிவு என்று தரகரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மேட்டுக்குத் தீ வைக்காதீர்கள். சூடு பட்டால் வாட்டில் எனும் அயல்நாட்டுச் சீமை மரத்தின் விதை கூட்டமாக முளைக்கும். கருகிய புல் எளிதில் பற்றும் என்பதால் தை முடிவதற்குள் ஓரத்தில் தீத்தடுப்புக் கோடு வெட்டுங்கள். வாட்டில் கன்று தெரிந்தால் மழை ஈரம் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.