கூண்டு வண்டி, தண்டவாளம், பட்டா: அமெரிக்க மேற்கு பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: கௌபாய் காமிக்ஸில் வண்டிகளை வட்டமாக நிறுத்திக்கொண்டு செவ்விந்தியர்களோடு சண்டை போடுவார்களே, அது அடிக்கடி நடந்ததா?

பதில்: மிக அரிது. மேற்கே ஆரிகன், கலிஃபோர்னியா பக்கம் குடியேறக் கூண்டு வண்டிகளில் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் வண்டிகளை வட்டமாக நிறுத்தியது உண்மைதான். ராத்திரியில் மாடுகள் சிதறிப் போகாமல் அடைத்துவைக்கும் பட்டி அது. வரலாற்றாய்வாளர் ஜான் அன்ரூ 1840 முதல் 1860 வரையான பயணங்களைத் துருவிப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார். பூர்வகுடிகள், அதாவது நீங்கள் சொல்லும் செவ்விந்தியர்கள், கையால் இறந்த பயணிகள் 362 பேர். பயணிகள் கையால் இறந்த பூர்வகுடிகள் 426 பேர். பயணம் போனவர்களோ லட்சக்கணக்கில். வழி காட்டியதும், ஆற்றைக் கடக்கக் கைகொடுத்ததும், சால்மன் மீன் விற்றதும் பல இடங்களில் பூர்வகுடிகள்தான்.

ஆளைக் கொன்றது வாந்திபேதி. 1849-லிருந்து சில வருடங்கள், வண்டிகள் போன வழியில் இருந்த பிளாட் ஆற்றங்கரை நெடுகக் காலரா பரவியது. முன்னால் போன கூட்டம் அசுத்தம் செய்த கரையிலேயே அடுத்த கூட்டம் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்தது. காலையில் வண்டியோடு நடந்து வந்தவர் பொழுது சாய்வதற்குள் இறந்துபோவார். பல சமயம் வண்டித் தடத்திலேயே குழி வெட்டிப் புதைத்துவிட்டு, அதன்மேல் எல்லா வண்டிகளையும் ஓட்டிப் போவார்கள். ஓநாய் மோப்பம் பிடித்துத் தோண்டிவிடக் கூடாதே என்றுதான். பெற்ற பிள்ளையைப் புதைத்த இடத்தில் ஒரு கல்லைக்கூட நட்டு வைக்காமல் நடந்த தாய்மார்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

கேள்வி: குதிரை இருக்கும்போது ஏன் காளைகளைப் பூட்டினார்கள்?

பதில்: குதிரைக்குத் தானியம் வேண்டும். காளை வழியில் கிடைக்கும் புல்லைத் தின்றே இழுக்கும், விலையும் குறைவு. அதனால்தான் ஏப்ரல், மே மாதங்களில் புல் முளைத்த பிறகு கிளம்பினார்கள். நாளுக்கு 15 மைல் போனால் நல்ல நாள். வண்டி நிறைய மாவு மூட்டையும் உப்பிட்ட பன்றிக்கறியும் இருக்கும், ஆள் உட்கார இடம் ஏது? மிசௌரியிலிருந்து ஆரிகன் வரை சுமார் 2,000 மைல் தூரத்தையும் பெரும்பாலோர் நடந்தே கடந்தார்கள். மரமில்லாத சமவெளியில் பைசன் என்ற காட்டெருமையின் காய்ந்த சாணத்தைப் பொறுக்கி வரட்டி மாதிரி எரித்துச் சமைத்தார்கள்.

கேள்வி: போனி எக்ஸ்பிரஸ் என்ற குதிரைத் தபால் எத்தனை வருடம் ஓடியது?

பதில்: ஒன்றரை வருடம்தான். 1860 ஏப்ரலில் தொடங்கியது. மிசௌரியின் செயின்ட் ஜோசஃபிலிருந்து கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவுக்குச் சுமார் பத்து நாளில் தபால் போனது. வழியில் குதிரை மாற்றும்போது, சேணத்தின் மேல் போட்டிருக்கும் நான்கு பை வைத்த தோல் விரிப்பை உருவி அடுத்த குதிரைமேல் வீசிவிட்டு ஏறிப் பறப்பார்கள். 1861 அக்டோபர் 24 அன்று கண்டம் கடந்த தந்திக் கம்பி இணைந்தது. அதோடு இதன் கதை முடிந்தது.

கேள்வி: மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டது சீனர்கள் என்கிறார்களே?

பதில்: கண்டத்தின் குறுக்கே போட்ட அந்தப் பாதையின் மேற்குப் பகுதியைப் போட்டது பெரும்பாலும் அவர்கள்தான். கிழக்கே ஒமாஹாவிலிருந்து யூனியன் பசிபிக் கம்பெனி பெரும்பாலும் ஐரிஷ்காரர்களையும் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர்களையும் வைத்துப் பாதை போட்டது. சாக்ரமென்டோவிலிருந்து கிளம்பிய சென்ட்ரல் பசிபிக்கின் எதிரே சியேரா நெவாடா மலை நின்றது. அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் குவாங்டோங் பகுதியிலிருந்து வந்தவர்கள்.

உச்சிக் குகைப்பாதையின் நீளம் 1,659 அடி, முழுக்கக் கருங்கல். கையால் துளை போட்டு வெடிமருந்து வைத்து உடைத்தார்கள். ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டால் ஒரு முகப்பில் ஓரடி நகரும். சீக்கிரம் ஆகட்டும் என்று இரண்டு முனையிலிருந்தும், நடுவில் மேலிருந்து கிணறு மாதிரி இறக்கி அங்கிருந்து இரு பக்கமும் குடைந்தார்கள். கொதிக்கவைத்த தேநீரையே குடித்ததால் சீனர்களை வயிற்றுநோய் அவ்வளவாக அண்டவில்லை.

ஆனால் வெள்ளையர்களைவிடக் கூலி குறைவு. சாப்பாட்டுச் செலவும் சொந்தம். 1867 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி உணவு வருவதை நிறுத்தி ஒரு வாரத்தில் பணியவைத்தது.

1869 மே 10 அன்று யூட்டாவின் புரோமான்டரியில் இரண்டு பாதைகளும் இணைந்தபோது எடுத்த புகழ்பெற்ற படத்தைப் பாருங்கள். இரண்டு எஞ்சின்கள் முகத்துக்கு முகம் நிற்கின்றன, மேலே ஏறியவர்கள் பாட்டிலை நீட்டுகிறார்கள். மலையைக் குடைந்த சீனர்கள் ஏறக்குறைய கண்ணிலேயே படவில்லை. சம்பளப் பட்டியல்களிலும் பெரும்பாலும் மேஸ்திரி பெயர்தான். அவர்கள் எழுதிய ஒரு கடிதம்கூட ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. 1882-ல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே தடைச் சட்டம் போட்டார்கள்.

கேள்வி: 160 ஏக்கர் இலவசமாகக் கொடுத்தார்களாமே, யாருடைய நிலம் அது?

பதில்: சரியான கேள்வி. 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் சிறு கட்டணத்தோடு பட்டா கிடைக்கும். மணமாகாத பெண்களும், குடியுரிமை கேட்டு விண்ணப்பித்த வெளிநாட்டவரும் வாங்கினார்கள். நெப்ராஸ்காவில் மரம் இல்லாததால் புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். கூரையிலிருந்து மண் சோற்றில் கொட்டாதபடி உள்ளே துணி கட்டுவார்கள். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அரசு பங்கு போட்ட அந்த நிலம், ஒப்பந்தம் போட்டும் படையை வைத்து மிரட்டியும் பூர்வகுடிகளிடமிருந்து எடுத்தது. போட்ட ஒப்பந்தத்தையும் காப்பாற்றவில்லை. 1868-ல் ஃபோர்ட் லாரமி கோட்டையில் போட்ட ஒப்பந்தத்தில், டகோட்டா பகுதியில் உள்ள பிளாக் ஹில்ஸ் மலைகள் லக்கோட்டா மக்கள் உள்ளிட்ட சூ இனத்தாருக்கே என்று எழுதிக்கொடுத்தார்கள். வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்துப் போடாமல் நிலத்தை எடுக்க முடியாது என்றும் அதில் இருந்தது. 1874-ல் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை அங்கே தங்கம் இருப்பதைக் கண்டது. 1876-ல் பூர்வகுடிகளோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில் கஸ்டர் மாண்டார். அடுத்த வருடமே, பத்தில் ஒரு பங்குபோலக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு மலையை எடுத்துவிட்டார்கள்.

எடுத்ததற்கு இழப்பீடு தர வேண்டும் என்று 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வட்டியோடு 10 கோடி டாலருக்கும் மேல். அந்தப் பணம் இன்று 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அவர்கள் இன்னும் அதைத் தொடவில்லை, மலையைத் திருப்பித் தாருங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.